இடது இறக்கையின் கட்டைவிரல்

போன மாதம் சுதா என்கிற பெண் மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாம்பரத்தில் நான் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்ற கல்லூரியில், அதே விலங்கியல் துறையில், இப்போது அவள் லேப் அசிஸ்டென்ட். மியூசியம் அறையைக் காலி செய்யப் போகிறார்களாம். எலும்புக்கூடுகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மாடல்கள் வந்துவிட்டன. மிச்சத்தைக் கம்ப்யூட்டரிலேயே காட்டிவிடுகிறார்கள். பழைய பொருள்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பட்டியல் போடும் வேலை இவள் தலையில் விழுந்திருக்கிறது. அதோடு துறையில் ஒரு மலர் போடுகிறார்கள், அதற்குப் பழைய ஆள் யாராவது எழுத வேண்டும் என்றாள்.

"ஐயா, கண்ணாடிப் பெட்டியில ஒரு கருடன் இறக்கை இருக்கே, அது நீங்க செஞ்சதுதானாமே. எவ்ளோ நுணுக்கமா இருக்கு. அதைப் பத்தி எழுதுங்க."

அந்த அறையில் நூற்றுக்கணக்கில் பொருள் இருக்கிறது. என் கை பட்ட ஆமை இருக்கிறது, நரி மண்டை இருக்கிறது, பதினைந்து நாள் உட்கார்ந்து கோத்த பாம்பு இருக்கிறது. அவள் கேட்டது அதை.

எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புதான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இல்லாமல் எழுதுகிறேன், பெருமாள் துணை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் பெஞ்சு துடைத்தேன், தவளை பிடித்தேன், ஃபார்மலின் ஊற்றினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கண் எரியும், அவ்வளவுதான். பிறகு மியூசியம் பொறுப்பில் இருந்த தேவசகாயம் சார் என்னைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு எலும்பு வேலை.

தேவசகாயம் சார் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, முழங்கைக்குக் கீழே சரியாக இரண்டு மடிப்பு. அட்டெண்டரிடம் வேலை சொல்லும்போதும் "ப்ளீஸ்" போடுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். எலும்பை விரல் நுனியால் தூக்கினால் அவருக்குப் பிடிக்காது. உள்ளங்கையைக் கீழே கொடுத்து ஏந்த வேண்டும். காலையில் மேசையில் உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்வார். நான் நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு எதிரே நிற்பேன். ஒருவரை ஒருவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இறக்கை எலும்பை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. படம் காட்டவில்லை. "வேணு, சட்டையை மடி. கையை மேசை மேல வை" என்றார். செத்த ஊர்ப்பருந்து ஒன்றின் இறக்கை எலும்புகளைப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"இது உன் மேற்கை. அதுக்கும் மேற்கை இருக்கு, பார். ஆனா உள்ளே கூடு. தோள்கிட்ட ஒரு ஓட்டை தெரியுதா? மூச்சுக்காத்து அது வழியா எலும்புக்குள்ளயே போகும். இது முழங்கை. அதுக்குக் கீழ உனக்கு ரெண்டு எலும்பு, அதுக்கும் ரெண்டு. தடியா இருக்கிறதைத் தடவிப் பார்."

தடவினேன். வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள், குத்துவிளக்குத் தண்டில் இருக்கிற மாதிரி.

"ஒவ்வொரு மேட்டிலயும் ஒரு பெரிய இறகு உட்காரும். கோழியையும் இதையும் பக்கத்துல வச்சுப் பார், முன்கை எவ்ளோ நீளம்னு தெரியும். கோழி ஓடற ஜாதி வேணு. இது காத்துல படுத்துக்கிற ஜாதி."

மணிக்கட்டில் இரண்டு பொடி எலும்பு. அப்புறம் கை. நம் கையில் பிரிந்து பிரிந்து இருப்பதெல்லாம் அதற்கு ஒட்டிப்போய் ஒரே தகடு மாதிரி ஆகியிருக்கும். அதன் ஓரத்தில் ஒரே ஒரு சின்ன எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு நெல்லை நீளவாக்கில் வைத்த அளவு.

"இதுதான் கட்டைவிரல். இதுல நாலு சின்ன இறகு இருக்கும். பருந்து கீழே இறங்கும்போது வேகம் குறையும், விழப் பார்க்கும். அப்போ இந்தக் கட்டைவிரலை மட்டும் தூக்கும். காத்து சரியாப் பாயும், விழாது. இவ்ளோ பெரிய பறவை தரையைத் தொடறது இந்த ஒரு விரலால."

அன்று வேலை முடிந்து மாடம்பாக்கத்துக்கு சைக்கிளில் வரும்போது கைப்பிடியில் என் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் என் மனைவி அலமேலு, கையில் அடிபட்டதா என்று கேட்டாள்.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன், சுதா மாதிரிப் பிள்ளைகளுக்கு இனிமேல் யார் சொல்லப் போகிறார்கள். இறகும் தோலும் நீக்கி, பெரிய சதையைக் கத்தியால் எடுத்துவிட்டு, மண்பானைத் தண்ணீரில் போட்டு மூட வேண்டும். வேக வைக்கக் கூடாது. வேக வைத்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கி, ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடும். பானையில் சதை தானாகக் கரைய வாரக்கணக்கில் ஆகும். நாற்றம் சொல்லி முடியாது. தண்ணீரை மாற்றும்போது மெல்லிய துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பொடி எலும்பு சாக்கடைக்குப் போய்விடும். பிறகு பெட்ரோலில் ஊறவைத்துக் கொழுப்பை எடுப்பது, பெராக்சைடில் வெளுப்பது, நிழலில் காயவைப்பது. பானையைக் கிளறிய நாட்களில் அலமேலு என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். "கிணத்தடியில நாலு வாளி ஊத்திக்கிட்டு வாங்க. பெருமாள் படத்துக்கு விளக்கு ஏத்தியிருக்கேன்" என்பாள்.

எலும்பு காய்ந்ததும் சார் கறுப்புத் துணி விரிப்பார். உயிரோடு இருந்தபோது எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையில் நான் அடுக்க வேண்டும். அவர் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார், நானும் கூட எண்ணுவேன். எண்ணிக்கை ரிஜிஸ்தரில் ஏறும். அதற்குப் பிறகுதான் பித்தளைக் கம்பியும் வச்சிரப் பசையும்.

கடைசியாக லேபிள். அவர் கையால் எழுதுவார், மூன்று வரி. முதல் வரி, என்ன உயிர், என்ன உறுப்பு. இரண்டாவது வரி, எங்கே கிடைத்தது. மூன்றாவது வரி, அதை இன்னதென்று பார்த்துச் சொன்னவர் பெயர். மூன்றாவது வரியில் அவர் சும்மா யார் பெயரையும் போட மாட்டார். பெரிய பேராசிரியர்கள் வந்து ஜாடிகளைப் பார்த்துவிட்டுப் போனபோதும் போட்டதில்லை. "பார்த்துச் சொன்னவன் பேர் இல்லாத லேபிள் மொட்டைக் கடிதாசி மாதிரி வேணு. பேர் போட்டா அவன் பொறுப்பு" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி. காலை பஜனை முடிந்து பொங்கல் பிரசாதத்தோடு வேலைக்கு வந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற மாரி லேப் வாசலில் சாக்குப் பையோடு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா வேணு, கையில பொங்கலா? மொதல்ல இத்தப் பாரு. உங்க பெருமாள் வண்டி பஞ்சராயிட்ச்சி."

சாக்கைத் திறந்தான். செம்மண் நிற உடம்பு. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. கருடன்.

"நான் சுடலப்பா, அப்டிப் பாக்காத. பள்ளிக்கரணை சதுப்புல டவுசர் போட்டுகினு வாத்து சுட வந்தானுங்க. வாத்து வுழல, இது வுழுந்துச்சி. உங்க சார் எதுனா செத்துக் கெடந்தா எட்தாரச் சொல்வாரே, அதான் எட்தாந்தேன்."

சனிக்கிழமை தோறும் நான் ஒருவேளைதான் சாப்பிடுவேன். வானத்தில் கருடன் வட்டம் போட்டால் சைக்கிளை நிறுத்தி இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அதன் கழுத்து இப்போது என் கையில் தொங்கியது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வலது இறக்கை குண்டு பட்டு நொறுங்கியிருந்தது. இடது இறக்கை முழுசாக இருந்தது.

தேவசகாயம் சார் வந்து பார்த்தார். "செம்பருந்து. நம்மகிட்ட இல்லை" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"வேணு, இது உங்களுக்கு யாருன்னு எனக்குத் தெரியும். உனக்கு மனசு வரலேன்னா நான் பண்ணிக்கிறேன். ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே நின்றிருக்கலாம். வேறு யார் கையிலோ அது படுவதைவிட என் கை பட்டால் மரியாதையாக இருக்கும் என்று தோன்றியது. "நானே செய்றேன் சார்" என்றேன். சாருக்கு அப்போதே இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. அதுவும் ஒரு காரணம்.

உடம்பைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் புதைத்தேன். இடது இறக்கையைப் பானையில் போட்டேன். அந்தப் பானையை மட்டும் மற்றவற்றோடு வைக்காமல் தனியாக வைத்தேன். தினமும் குளித்துவிட்டுத்தான் தொட்டேன். மாசி பிறக்கும்போது எலும்பு வெளுத்துக் காய்ந்தது. கறுப்புத் துணியில் அடுக்கினேன். சார் எண்ணினார், நானும் எண்ணினேன். சரியாக இருந்தது. ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. எங்கள் அப்பா காலமானபோது எலும்பு பொறுக்கிக் கடலில் கரைத்தேன். மனிதனுக்கு அது உண்டு. பெருமாளைத் தோளில் சுமப்பவருக்கு இல்லையா? காலாகாலத்துக்கும் கண்ணாடிப் பெட்டியில் கம்பி குத்தி நிற்க வேண்டியதுதானா? இந்தக் கேள்வி மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எல்லா எலும்பையும் எடுக்க முடியாது. ஒன்றை எடுக்கலாம். ஒன்று கரைந்தால் எல்லாம் கரைந்த கணக்கு என்று நானே ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் கட்டைவிரல் எலும்பை எடுத்துத் துளசியில் வைத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டேன். சனிக்கிழமை திருநீர்மலைக்குப் போய், கோயில் குளத்துப் படியில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு எலும்பைத் தண்ணீரில் விட்டேன். மனசு லேசாகிவிட்டது. மலை ஏறிச் சேவித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான மனிதன் பல்லாவரம் வட்டாரத்தில் இருந்திருக்க மாட்டான்.

திங்கட்கிழமை இறக்கையைக் கோக்க உட்கார்ந்தபோதுதான் அந்த இடம் காலியாக இருப்பது உறைத்தது. எண்ணிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எலும்பு தொலைந்தது என்று சொன்னால் சாருக்கு என் மேல் இருக்கிற நம்பிக்கை போகும். எடுத்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இப்போது யோசித்தால், சொல்லியிருந்தால் அவர் லேபிளில் 'கட்டைவிரல் இல்லை' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

பழைய ஊர்ப்பருந்தின் உதிரி எலும்புகளைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரு கட்டைவிரல் இருந்தது, வலது இறக்கையுடையது. இடதுடையது எப்போதோ உடைந்து போயிற்று. அளவு கொஞ்சம் பெரிது, நுனியை உப்புத்தாளில் தேய்த்தேன். அந்த எலும்பின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் லேசாகக் குழிவு. இடது பக்கத்தில் மாட்டியபோது குழிவு வெளிப்பக்கம் வந்துவிட்டது. இரண்டு நெல் அளவு எலும்பில் குழிவை யார் பார்க்கப் போகிறார்கள் என்று பசை வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. சார் லேபிள் எழுதினார். மூன்றாவது வரியில் தன் பெயரைப் போட்டார்.

பார்க்க ஒருத்தி இருந்தாள். ஜெயசீலி என்று பெயர், பி.எஸ்ஸி. கடைசி வருஷம். சேலையூரில் வீடு, அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மற்றப் பிள்ளைகள் மணி அடித்ததும் கேண்டீனுக்கு ஓடும். இவள் மியூசியத்துக்கு வருவாள். விடிகாலையில் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கரணை போய்ப் பறவை பார்த்துவிட்டு வகுப்புக்கு வருவாள். பாவாடை ஓரத்தில் சேறு இருக்கும். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. எந்தப் பறவை எந்தக் காலைக் கீழே வைத்தது என்பது வரைக்கும் அதில் எழுதியிருப்பாள்.

"வேணு அண்ணா, எம்.எஸ்ஸி. சேரணும்னா ஃபர்ஸ்ட் கிளாஸ் வேணும். வந்துட்டா, பறவைதான் படிப்பேன். வேற எதுவும் வேணாம்" என்பாள்.

"கல்யாணம்?" என்று மாரி ஜன்னல் வழியாகக் கேட்பான்.

"கொக்கு ஒண்ணு கேட்டிருக்கு மாரி அண்ணா. ஜாதகம் பார்த்துட்டு இருக்கோம்."

அந்த வருஷம் செய்முறைப் பரீட்சைக்குப் புதுப் பொருளாக இருக்கட்டும் என்று சார் கருடன் இறக்கையை ஏழாம் மேசையில் வைக்கச் சொன்னார். லேபிள் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தேன். எலும்புகளின் பெயரையும், பறக்க அவை எப்படி உதவுகின்றன என்பதையும் எழுத வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்திருந்தார். நான் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றேன்.

ஜெயசீலி ஏழாம் மேசைக்கு வந்தாள். முதலில் வேகமாக எழுதினாள். பிறகு நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பி, "அண்ணா, லென்ஸ்" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் லென்ஸில் பார்த்தாள். தன் இடது கையை இறக்கைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள். கவிழ்த்தாள், மல்லாத்தினாள். அப்புறம் வலது கையை வைத்துப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் அப்படியே நின்றாள். மணி அடிக்கும்வரை எழுதினாள்.

மத்தியானம் வாய்மொழித் தேர்வு அதே அறையில். எக்ஸாமினர் அவள் தாளை எடுத்தார்.

"என்னம்மா இது? பேரைக் கேட்டா பாதிப் பக்கத்துக்கு ஒரே எலும்பைப் பத்தி எழுதியிருக்கே."

"சார், இது இடது இறக்கை. ஆனா கட்டைவிரல் மட்டும் வலது. குழிவு உள்பக்கம் இருக்கணும், வெளியே இருக்கு. நுனியும் தேஞ்சிருக்கு. வேற பறவையோடதா இருக்கும்னு நினைக்கிறேன் சார்."

"எக்ஸாமினருக்கே எக்ஸாம் வைக்கிறியா?"

"இல்லை சார். பார்த்ததை எழுதினேன்."

அவர் சிரித்துக்கொண்டே தேவசகாயம் சாரைக் கூப்பிட்டார். சார் வந்தார். இறக்கைப் பக்கம் குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி குனிந்தார். புரை விழுந்த கண்ணுக்கு அந்த எலும்பு இருப்பதே தெரிந்திருக்காது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வேணு, இது நீ கோத்ததுதானே?"

"ஆமா சார்."

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்றார் எக்ஸாமினரிடம். "பத்து வருஷமா இவன் கையில ஒரு எலும்பு மாறினதில்லை."

என்னைக் கேட்டது ஒரே கேள்வி, நான் சொன்ன பதிலும் உண்மைதான். அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு நின்றேன். வேலையில் நல்ல பெயர் எடுத்ததைப் பற்றித்தான் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் எழுதுவார்கள். என் நல்ல பெயர் அன்றைக்கு அந்தப் பெண்ணின் தலையில் இறங்கியது. ஜெயசீலி, எக்ஸாமினர் தாளில் சிவப்பு மசியால் கோடு போட்டதையும், லேபிள் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து "மொதல்ல லேபிள் படிக்கக் கத்துக்கோ" என்றதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரிசல்ட் வந்தது. தியரியில் எல்லாம் நன்றாகவே வாங்கியிருந்தாள். செய்முறையில் இழுத்துவிட்டது. ஃபர்ஸ்ட் கிளாஸ் கொஞ்சத்தில் போய்விட்டது.

இதுவரை எழுதியதைக்கூடப் பெருமாள் மன்னித்துவிடுவார் என்று நினைக்கிறேன். இனி எழுதுவதுதான் என் பாவம்.

ரிசல்ட் வந்து ஒரு வாரம் கழித்து ஜெயசீலி சர்ட்டிஃபிகேட் வாங்கக் கல்லூரிக்கு வந்தாள். மியூசியத்துக்கு வந்தாள். அறையில் நான் மட்டும் இருந்தேன். நேராகப் பெட்டிக்குப் போய்க் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேணு அண்ணா, மார்க் போனது போகட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும். நீங்கதான் கையில வச்சுக் கோத்தவர். நான் பார்த்தது தப்பா?"

வாசலில் ஆள் இல்லை. சார் அன்று லீவு. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். அவள் யாரிடமும் போய்ச் சொல்லக்கூடியவள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"தப்பும்மா" என்றேன். "சரியாத்தான் மாட்டியிருக்கேன். சில பறவைக்கு அப்படித்தான் இருக்கும்."

என்னை நம்பினாள். அதை அவள் முகத்தில் பார்த்தேன். மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அப்போ என் கண்ணுதான் சரியில்லை. இத்தனை நாளா சதுப்புல என்னத்தைப் பார்த்து என்னத்தை எழுதினேனோ."

அந்தக் கோடு போட்ட நோட்டு அவள் பையில் துருத்திக்கொண்டிருந்தது. வெளியே எடுத்தாள், திரும்ப உள்ளே வைத்தாள். "வரேன் அண்ணா" என்று போய்விட்டாள். அடுத்த மாதம் அவள் கேம்ப் ரோட்டில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவதாக மாரி சொன்னான்.

"நல்லாப் படிச்ச பொண்ணுபா. கொக்கைக் கூடத் திரும்பிப் பாக்காம போவுது. பேஜாரா கீது."

மூன்று வருஷம் கழித்துத் தேவசகாயம் சாருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு மியூசியத்துக்கு வந்தார். சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "அடடே, இந்த ஆமை ஓட்டுல இவ்ளோ கோடா" என்றார். கருடன் இறக்கைக்கு முன்னால் நின்றார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"வேணு, உன் இடது கையைக் காட்டு, ப்ளீஸ்."

நீட்டினேன். என் கட்டைவிரலைப் பிடித்து, மெதுவாக, முடிந்தவரை வெளிப்பக்கம் திருப்பினார். வலித்தது. "இப்போ சொல்லு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். துளசி, திருநீர்மலை, தீப்பெட்டி, அந்தப் பெண் தனியாக வந்து கேட்டது வரைக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கறுப்புத் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ எலும்பைக் கரைச்சது உன் விசுவாசம். அதைப் பத்தி நான் பேச மாட்டேன். என்கிட்ட மறைச்சதைக்கூட விட்டுடறேன். அந்தப் பொண்ணு உன்கிட்ட வந்து கேட்டப்போ ஏன்டா அவ கண்ணைப் பிடுங்கினே?"

அதற்கு முன் அவர் என்னை 'டா' போட்டதில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

அவளுக்கு அவரே கடிதம் எழுதினார். வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. "இதை நான் சொல்றதுல அர்த்தமில்லை வேணு. நீதான் சொல்லணும்" என்று கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். லேபிளை மாற்றட்டுமா என்று கேட்டேன். "அவகிட்ட சொல்லிட்டு வா. அப்புறம் மாத்தலாம்" என்றார். என்னை அவர் வேலையை விட்டு நீக்கவில்லை, மேலிடத்துக்கு எழுதவும் இல்லை. அன்றிலிருந்து தான் ஓய்வு பெறும்வரை, நான் கோத்த ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்து முழுசாகப் பார்த்தார். பார்த்து முடிக்கும்வரை நான் எதிரே நிற்பேன்.

நான் சேலையூருக்கு ஒரு முறை போனேன். அப்பா மாற்றலாகித் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டதாகவும், பெண் அங்கே ஏதோ ஆபீசில் டைப்பிஸ்டாக இருப்பதாகவும் வீட்டுக்காரர் சொன்னார். முகவரி தெரியாது என்றார். சர்ச்சில் விசாரித்தால் கிடைக்கும் என்றும் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. தேடிவிட்டேன், கிடைக்கவில்லை என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். திருநீர்மலைக்கு எத்தனை சனிக்கிழமை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சேலையூருக்கு ஒரே முறை. மாடம்பாக்கத்திலிருந்து சேலையூர்தான் பக்கம்.

தேவசகாயம் சார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. லேபிளின் மூன்றாவது வரியில் அவர் பெயரே இன்னும் இருந்தது. பொறுப்பு அவருடையதாகவே நின்றுகொண்டிருந்தது.

போன வாரம் சுதா என்னை மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். பெட்டியைத் திறந்தாள். வச்சிரப் பசை நன்றாகவே பிடித்திருந்தது. அந்த விரலைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வேண்டாம். ஜெயசீலி பார்த்தது அப்படியே இருக்கட்டும். யாராவது லென்ஸ் வைத்துச் சரிபார்க்க அது வேண்டும். இதைக் கழிக்காதே அம்மா என்று சுதாவிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு வெள்ளை அட்டை வாங்கி, எழுதிப் பழைய லேபிளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வயசான கை, எழுத்துக் கோணல்தான்.

செம்பருந்து, இடது இறக்கை. கட்டைவிரல் மட்டும் ஊர்ப்பருந்தின் வலது இறக்கையுடையது. மாற்றி வைத்தவன் வேணுகோபால்.

பள்ளிக்கரணை.

பார்த்துச் சொன்னவர்: ஜெயசீலி.

சுதா அதைப் படித்துவிட்டு, "இவங்க யாரு ஐயா, சயன்டிஸ்டா?" என்று கேட்டாள்.

"ஆகியிருக்க வேண்டியவங்க" என்றேன்.

இந்த மலரைப் பழைய மாணவர்களுக்கெல்லாம் அனுப்புவார்களாம். திருநெல்வேலிப் பக்கம் போகுமா தெரியாது. போனால், படித்தால்: அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். நீங்கள் பார்த்தது சரி. சதுப்பில் பார்த்து நோட்டில் எழுதியதும் சரியாகத்தான் இருந்திருக்கும்.